மர ஜன்னலை யுபிவிசிக்கு (கடின பிளாஸ்டிக்) மாற்ற 65,000 ரூபாய் போதுமா?

கடலோர ஃபிளாட்:
திருவான்மியூரில் மூன்றாவது மாடி. கடல் அரை கிலோமீட்டருக்குள். மர நிலைகளில் கரையான். கீழ்க்கட்டை விரலால் அழுத்தினாலே உள்ளே போகிறது. 4×4 அடியில் நான்கு, 5×4 ஒன்று, சமையலறைக்கு 3×3, குளியலறை வென்டிலேட்டர் 2×1½ இரண்டு. மொத்தம் 99 சதுர அடி. கொசுவலையோடு யுபிவிசி ஸ்லைடிங், சதுர அடி 650 என்று கொட்டேஷன் வந்திருக்கிறது. ஐப்பசி மழைக்குள் முடிக்க வேண்டும். பழைய கிரில்லையே வைத்துக்கொள்ளலாமா?

அளவுநாடா:
போதாது. 99 × 650 = 64,350. 18 சதவீத ஜிஎஸ்டி 11,583. அங்கேயே 75,933 ஆகிவிட்டது. வென்டிலேட்டரையும் இதே ரேட்டில்தான் போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். சின்ன அளவுக்குப் பெரும்பாலும் தனி விலை வைப்பார்கள்.

கொட்டேஷனில் வராதவைதான் பட்ஜெட்டை இழுக்கும்: நிலையை உடைத்து எடுப்பது, ஓரப் பூச்சு, பெயின்ட், குப்பையை இறக்குவது, மாடிக்கு வெளியே சாரம். அப்புறம் கிரில். மர நிலையில் திருகிய கிரில் நிலையோடு கழன்றுவிடும். அதை யுபிவிசி ஃப்ரேமில் திருகக் கூடாது, சுவரில்தான் பிடிக்க வேண்டும். துரு ஏறியிருந்தால் புதிதாகப் போடுவதே மேல். 12 மி.மீ. சதுரக் கம்பி மீட்டருக்கு 1.13 கிலோ. 4 அடி ஜன்னலுக்கு நெட்டுக் கம்பி 11 போட்டால் அதுவே 15 கிலோ. குறுக்குப் பட்டை தனி. கிலோ ரேட்டை இதோடு பெருக்கிப் பாருங்கள்.

கொத்துக்கரண்டி:
நிலையை எடுத்த பிறகுதான் கடைசி அளவு. அகலம் மூன்று இடத்தில், உயரம் மூன்று இடத்தில் எடுத்து, இருப்பதிலேயே சின்னதில் 10 மி.மீ. கழிக்க வேண்டும். மூலைவிட்டம் இரண்டையும் பாருங்கள். பழைய சுவர் சதுரமாக இருக்காது. டஃபன் (சூடாக்கிக் கடினமாக்கிய) கண்ணாடி என்றால் இன்னும் கவனம், வந்த பிறகு அதை வெட்ட முடியாது.

மழை ஒழுகுவதற்குப் பெரும்பாலும் ஃப்ரேம் காரணமில்லை, கீழ்த்திட்டுதான். அதன் கிரானைட் வெளிப்பக்கம் 10 மி.மீ. சரிய வேண்டும். வெளியே நீட்டிய விளிம்பின் அடியில் ஒரு காடி வெட்டச் சொல்லுங்கள். தண்ணீர் சுவரை ஒட்டி வழியாமல் அங்கேயே சொட்டிவிடும். அடுத்து, கீழ் டிராக்கில் தண்ணீர் வெளியேறும் துளைகள். பூச்சு வேலையில் சிமென்ட் அவற்றை அடைத்துவிட்டால் டிராக் நிரம்பி, தண்ணீர் வீட்டுக்குள்தான் வரும். டேப் ஒட்டிவிட்டுப் பூசட்டும். பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகே வெளி ஓரத்துக்கு நியூட்ரல் சிலிகான். இடைவெளியில் ஃபோம் மட்டும் அடித்துவிட்டுப் போக விடாதீர்கள், வெயிலில் அது பொடிந்துவிடும்.

கடலோர ஃபிளாட்:
அலுமினியம் மலிவாகச் சொல்கிறார்களே?

அளவுநாடா:
உப்புக்காற்றில் பவுடர் கோட்டிங் கீறின இடத்தில் வெள்ளையாகப் பூத்து அரிக்கும். உங்களுக்கு யுபிவிசியே சரி. ஆனால் ஃப்ரேமுக்கும் ஷட்டருக்கும் உள்ளே ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) சட்டம் போட்டிருக்கிறார்களா, தடிமன் எத்தனை மி.மீ. என்று கொட்டேஷனில் எழுதி வாங்குங்கள். அது இல்லாத ஷட்டர் 5 அடி அகலத்தில் புயல் காற்றுக்கு வளையும். திருகும் கீலும் எஸ்எஸ் 316 (உப்பைத் தாங்கும் துருப்பிடிக்காத எஃகு). கடலைப் பார்த்த ஜன்னலுக்கு மட்டும் ஸ்லைடிங் வேண்டாம். ரப்பர் அழுத்தி மூடும் திறப்புக் கதவு போடுங்கள். அது வெளியே திறக்கும் என்பதால் கிரில் உள்பக்கம் வர வேண்டும்.

கொத்துக்கரண்டி:
பணத்தில் கடைசி 10 சதவீதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஜன்னலிலும் ஹோஸ் பைப்பால் பத்து நிமிடம் தண்ணீர் அடித்துப் பாருங்கள். செப்டம்பர் முடிவதற்குள் இதைச் செய்தால் திருத்த நாள் இருக்கும்.