டெட்ராசைக்ளின் கேப்ஸ்யூலைப் பாகில் கலந்து தேனீக்கு வைக்கலாமா?

பாகூர் கண்டக்டர் எழுதியது:

வணக்கம். பாகூர் ஏரிப் பக்கம் ஒரு ஏக்கர் தென்னை வைத்திருக்கிறேன். அதில் நாலு பெட்டி, எல்லாம் நம்ம அடுக்குத் தேனீ. கடலூர்-பாண்டி வண்டியில் முப்பது வருஷம் டிக்கெட் கிழித்துவிட்டு ஓய்வு பெற்ற பிறகு பிடித்துக்கொண்ட பழக்கம். இது மூன்றாவது வருஷம்தான், தப்பாக எதுவும் எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகை கடைசி வரைக்கும் விடவில்லை. வெயில் எட்டிப்பார்த்த அன்றைக்கே பெட்டிகளைத் திறந்தேன். இரண்டு பரவாயில்லை. மற்ற இரண்டில், ஆறு அடை நிறைய இருந்த கூட்டம் மூன்று அடைக்குச் சுருங்கிக் கிடக்கிறது. ராணி இருக்கிறது. முட்டையும் இருக்கிறது. ஆனால் புழு குறைவு. மூடிய அறைகளோ, மத்தியானம் ரெண்டு மணி டிரிப்பில் ஆள் உட்கார்ந்திருப்பது போல அங்கொன்றும் இங்கொன்றுமாக. மழை நாள் முழுக்கக் கொட்டாங்குச்சியில் சர்க்கரைப் பாகு ஊற்றி, தேனீ மூழ்காமல் இருக்க ஈர்க்குச்சி போட்டு வைத்துக்கொண்டுதான் இருந்தேன். பட்டினி போடவில்லை.

பெட்டி விற்றவரிடம் கேட்டால், "குடல் நோய் அது. டெட்ராசைக்ளின் கேப்ஸ்யூல் ஒன்றைப் பிரித்து ஒரு லிட்டர் பாகில் கலந்து வையுங்கள், ஒரு வாரத்தில் நிற்கும்" என்கிறார். வாங்கியும் வந்துவிட்டேன். என் மருமகள்தான் குறுக்கே நிற்கிறாள். "ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டால் நமக்கே வயிறு கெட்டுப்போய்த் தயிர்ச்சோறு தேடுகிறோம், தேனீக்கு மட்டும் என்ன?" என்று கேட்கிறாள். அப்படியானால் கேப்ஸ்யூலோடு கொஞ்சம் மோரும் கலந்துவிடலாமா? சிரிக்காதீர்கள், தெரியாமல்தான் கேட்கிறேன்.

நுண்ணோக்கி எழுதியது:

ஐயா, சிரிக்கவே இல்லை. உங்கள் மருமகள் கேட்டதைத்தான் அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் சோதனையாகவே செய்து பார்த்தார்கள். நான் அரியாங்குப்பம். படித்தது நுண்ணுயிரியல். மாடியில் இரண்டு பெட்டி வைத்திருக்கிறேன்.

2017இல் வந்த ஆய்வு அது. தேனீக்களுக்கு ஐந்து நாள் டெட்ராசைக்ளின் கலந்த சர்க்கரைக் கரைசலைக் கொடுத்து, அடையாளப் புள்ளி வைத்து, மறுபடி கூட்டுக்குள்ளேயே விட்டார்கள். மூன்று நாள் கழித்து எண்ணினால், மருந்து குடிக்காதவற்றில் மூன்றில் இரண்டு பங்கு இருந்தன. குடித்தவற்றில் மூன்றில் ஒரு பங்குதான். மருந்து நேராகக் கொன்றதைவிட, குடலில் இருந்த நல்ல பாக்டீரியாக்கள் அழிந்ததால் செராஷியா என்ற சாதாரணக் கிருமியைக்கூடத் தாங்க முடியாமல் போனதுதான் முக்கியக் காரணம் என்று கண்டார்கள்.

தேனீக் குடல் ஒரு விசித்திரம். நம் வயிற்றில் நூற்றுக்கணக்கான வகை பாக்டீரியா குடித்தனம் நடத்துகிறது. தேனீக்கு எட்டு, ஒன்பது வகைதான் நிரந்தர வாசிகள். ஸ்னோட்கிராசெல்லா குடல் சுவரை ஒட்டிப் பாய் விரித்தது போலப் படர்ந்து, ஆக்சிஜனைத் தின்றுவிடும். அதற்கு மேல் கில்லியமெல்லா உட்கார்ந்துகொண்டு மகரந்தத் தோலில் உள்ள பெக்டின் என்ற நார்ப்பொருளை உடைக்கும். இப்படி உடைத்து வருகிற கழிவில் ஒரு பங்கு தேனீக்கே சத்தாகப் போய்ச் சேருகிறது. (கில்லியமெல்லா என்பது மார்த்தா கில்லியம் என்ற அமெரிக்க ஆய்வாளரின் பெயர். தேனீ வயிற்றுக் கிருமிகளைப் பற்றி யாரும் கவலைப்படாத காலத்திலேயே அரிசோனாவில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தவர். 2013இல்தான் பெயர் வைத்தார்கள்.)

இன்னொன்று: அறையை உடைத்து வெளியே வருகிற புதுத் தேனீயின் குடல் கிட்டத்தட்ட காலி. கூட்டுப்புழுவாக இருக்கும்போதே பழைய குடல் படலம் உரிந்துவிடுகிறது. முதல் சில நாளில் அக்காமார்களோடு ஒட்டி உரசி, அடையை நக்கித்தான் இந்தப் பாக்டீரியாக்களைப் பெற்றுக்கொள்கிறது. அக்காமார் வயிற்றைத் துடைத்து வைத்தால் தங்கைக்கு எங்கிருந்து வரும்?

மோரில் இருப்பவை வேறு பாக்டீரியா. தேனீக் குடலில் லாக்டோபேசில்லஸ் உறவுக்காரர்கள் உண்டுதான், ஆனால் அவை தேனீக் குடலிலேயே வாழ்ந்து பழகியவை. 2021இல் டைலோசின் என்ற மருந்தால் குடல் காலியான தேனீக்களுக்கு அவற்றின் சொந்தக் குடல் பாக்டீரியாவையே திரும்பக் கொடுத்தபோது நோய் எதிர்ப்பு மீண்டது. அதை மோரை வைத்துச் செய்ய முடியாது. இந்தச் சோதனைகள் எல்லாம் இத்தாலியத் தேனீ இனத்தில் நடந்தவை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம்ம அடுக்குத் தேனீயிலும் அதே குடும்பங்கள்தான், ரகம் கொஞ்சம் வேறு.

இப்போது எனக்கு ஒன்று சொல்லுங்கள். புழு எப்படி இருக்கிறது? ஈர்க்குச்சி முனையால் ஒன்றை மெல்லத் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் நிரம்பிய சின்னப் பை போல வந்தால் அது தாய்லாந்தின் பெயரால் 'தாய் சேக்புரூட்' என்று சொல்கிற புழு நோய், வைரஸால் வருவது. 1991-92இல் தென்னிந்தியாவில் அடுக்குத் தேனீப் பெட்டிகளைத் துடைத்துவிட்டுப் போனது அதுதான். எந்த ஆன்டிபயாட்டிக்கும் வைரஸை ஒன்றும் செய்யாது. மஞ்சளாகச் சுருண்டு புளித்த வாடை வந்தால் அது பாக்டீரியாவால் வருகிற அழுகல். வெளிநாட்டில் டெட்ராசைக்ளின் வகை மருந்து கொடுப்பது அதற்குத்தான். உங்களுக்குச் சொன்னவர் அங்கிருந்துதான் எடுத்திருப்பார்.

பாகூர் கண்டக்டர் எழுதியது:

அம்மா, பார்த்துவிட்டேன். பத்துப் புழுவைத் தூக்கினேன். பையும் இல்லை, புளித்த வாடையும் இல்லை. புழு வெள்ளையாகத்தான் இருக்கிறது. ஆனால் நல்ல பெட்டியில் புழு வெள்ளைப் பாலில் மிதக்கிறது, இந்தப் பெட்டியில் அறைக்கு அடி காய்ந்து கிடக்கிறது. நேற்று இருந்த சின்னப் புழு சில இடத்தில் இன்றைக்கு இல்லவே இல்லை.

அப்புறம் எனக்குத் தெரிந்த ஒரே வேலை ஆள் எண்ணுவது. காலை ஏழரைக்கு ஸ்டூல் போட்டு வாசலில் உட்கார்ந்தேன். நல்ல பெட்டியில் உள்ளே ஏறிய 60 தேனீயில் 17 காலில் மகரந்த உருண்டை. மோசமான பெட்டியில் 60க்கு 2.

பண்ருட்டி முந்திரித்தோப்பு எழுதியது:

அண்ணே, அந்த 2 போதும். இது மருந்து கேட்கிற கேஸ் இல்லை, பட்டினி. பாகு கொடுத்தேன் என்கிறீர்கள், அது வெறும் கஞ்சித் தண்ணி. பறக்கத் தெம்பு வரும், பிள்ளைக்குப் பால் சுரக்காது. செவிலித் தேனீ மகரந்தம் தின்றால்தான் தலைச் சுரப்பியில் பால் ஊறும். இல்லையென்றால் சின்னப் புழுவைத் தானே தின்றுவிடும். நேற்று இருந்தது இன்றைக்கு இல்லை என்றீர்களே, அதுதான்.

எனக்கு இருபது வருஷ அனுபவம். 2011 கடைசியில் தானே புயல் எங்கள் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்ததே, அந்தத் தையில் பூவே இல்லை. அவசரப்பட்டு வெல்லப் பாகு காய்ச்சி வைத்தேன். நாலு நாளில் பெட்டி முகப்பெல்லாம் பழுப்புக் கழிசல். என்னுடைய முட்டாள்தனம், யாரையும் குறை சொல்ல முடியாது. வெள்ளைச் சர்க்கரை மட்டும் வையுங்கள். எலுமிச்சை பிழிந்து கொதிக்க வைக்கவும் வேண்டாம், அது தேனீக்கு ஆகாத பொருளை உண்டாக்கும்.

உங்கள் தோப்பைச் சுற்றி என்ன இருக்கிறது? சவுக்கும் கரும்பும் என்றால் தேனீக்கு அது பாலைவனம். பச்சையாக இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது. சவுக்குக்குக் காற்று போதும், தேனீ தேவையில்லை, அதனால் தேனும் வைக்காது.

பாகூர் கண்டக்டர் எழுதியது:

தம்பி சரியாகச் சொன்னீர்கள். மேற்கே சவுக்கு, தெற்கே கரும்பு. தென்னம்பாளை இருக்கிறது, ஆனால் இத்தனை நாள் மழையில் மகரந்தம் எங்கே நின்றது. அந்த இரண்டு பெட்டியும் சவுக்கு ஓரத்தில்தான்! மகரந்தத்துக்குப் பதில் பொட்டுக்கடலை மாவு பிசைந்து வைக்கலாமா?

நுண்ணோக்கி எழுதியது:

வைக்கலாம் ஐயா, மாவைத் தேனில் உருண்டையாகப் பிசைந்து சட்டத்துக்கு மேலே. உங்கள் சொந்தத் தேனாக இருக்கட்டும், கடைத் தேனில் நோய் வர வாய்ப்புண்டு. அடுக்குத் தேனீ சில நாள் தொடாமலே விட்டுவிடும், அதற்கும் தயாராக இருங்கள்.

ஆனால் மாவு முழுச் சாப்பாடு ஆகாது. தேனீக்குப் பத்து அமினோ அமிலம் வெளியிலிருந்து கிடைத்தே ஆக வேண்டும், இது 1953இலேயே தெரிந்த விஷயம். புரதம் மட்டும் போதாது, மகரந்தத்தில் இருக்கிற ஸ்டீரால் என்ற கொழுப்பு வகையும் வேண்டும், தேனீயால் அதைச் சொந்தமாகச் செய்ய முடியாது. 2025இல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் அந்த ஸ்டீரால்களில் ஆறைச் செய்கிற மாதிரி ஒரு ஈஸ்ட்டை மாற்றித் தீவனத்தில் சேர்த்தார்கள். சேர்க்காத கூடுகளைவிடக் கூட்டுப்புழுப் பருவத்தை எட்டிய புழுக்கள் 15 மடங்கு வரை அதிகம். அது நம் கடைக்கு வர நாளாகும்.

அதுவரை சுலபமான வழி: நல்ல பெட்டியிலிருந்து மகரந்தம் நிரம்பிய அடை ஒன்றும், வெளிவரப்போகிற மூடிய புழு அடை ஒன்றும், ஒட்டியிருக்கும் இளம் தேனீயோடு எடுத்துக் கொடுங்கள். ராணி அதில் இல்லை என்று இரண்டு முறை பாருங்கள். சண்டை வராமல் இருக்க நடுவில் செய்தித்தாள் விரியுங்கள். சாப்பாடும் கிடைக்கும், குடலுக்கு வேண்டிய குடித்தனக்காரர்களும் வந்து சேருவார்கள். நோய் இல்லை என்று நீங்கள் பார்த்துவிட்டதால்தான் இதைச் சொல்கிறேன். புழுவில் பை தெரிகிற பெட்டியோடு யாரும் அடை மாற்றிவிடாதீர்கள்.

பண்ருட்டி முந்திரித்தோப்பு எழுதியது:

அதோடு பெட்டியை ராத்திரி மூடி, தோப்பின் கிழக்கு ஓரத்துக்குக் கொண்டுபோக நினைத்தால் வேண்டாம் அண்ணே. நூறு அடி நகர்த்தினால் மேயப்போன தேனீ பழைய இடத்துக்கே போய் நிற்கும். ஒரேயடியாக மூணு நாலு கிலோமீட்டர் தள்ளிப் போங்கள், இல்லையென்றால் அங்கேயே விடுங்கள். வரப்பில் தும்பை இருந்தால் களை என்று பிடுங்க வேண்டாம்.

பாகூர் கண்டக்டர் எழுதியது:

பதினெட்டு நாள் கழித்து எழுதுகிறேன். கேப்ஸ்யூல் இன்னும் அலமாரியில் இருக்கிறது, மருமகள் அதைக் காட்டிக் காட்டிச் சிரிக்கிறாள்.

மாவு உருண்டையை ஒரு வாரம் மோந்துகூடப் பார்க்கவில்லை, எறும்புக்குத்தான் விருந்து. அடை மாற்றியது வேலை செய்தது. மூன்றாம் பெட்டியில் புழுவுக்கு அடியில் பால் தெரிகிறது, இன்று காலை 60க்கு 13. வீட்டுப் பின்னால் முருங்கை பூத்துவிட்டது, தும்பையும் இருக்கிறது.

நாலாம் பெட்டிக்கு நான் அடை கொடுக்க மூன்று நாள் தாமதம் செய்துவிட்டேன், முழங்கால் வலி. போய்ப் பார்த்தபோது கூட்டம் பறந்துபோயிருந்தது. கைப்பிடித் தேனீகூட இல்லை, அடையில் மெழுகுப்புழு நூல் கட்ட ஆரம்பித்திருந்தது. அடையை வெயிலில் போட்டு உருக்கிக்கொண்டிருக்கிறேன். பெட்டியைக் கழுவிக் கவிழ்த்திருக்கிறேன். தம்பி, தை கடைசியில் முந்திரிப் பூவில் கூட்டம் பிரிந்தால் ஒன்று எனக்கு எடுத்து வையுங்கள். பண்ருட்டி பஸ் எத்தனை மணிக்கு என்று எனக்குத் தெரியும்.