நாலு ஊசி போட்டும் சினை நிற்காத மாடு: உங்கள் தொழுவத்தில் நடந்ததையும் எழுதுங்கள்

பெருந்துறைப் பக்கம், ஆறு கறவை

கறுப்புச் சிந்து மாடு ஒன்று. இரண்டாம் ஈத்து, வேளைக்கு எட்டு லிட்டர் குறையாமல் கறந்தது. கன்று போட்டு மூன்று மாதம் விட்டு, ஏப்ரல் 8 அன்று முதல் தடவையாகச் சினை ஊசி, அதாவது செயற்கைக் கருவூட்டல், போட்டேன். நிற்கவில்லை. 21 நாள் கழித்துப் பருவத்துக்கு வந்து மறுபடி கத்தியது, இரண்டாவது ஊசி. அதுவும் போச்சு. மூன்று, நான்கு. ஜூன் முடிவதற்குள் பங்காளி வந்து, "மலடாயிருச்சு, வியாழக்கிழமை கருங்கல்பாளையம் சந்தைக்கு ஓட்டிரு" என்று சொல்லிவிட்டுப் போனார். அடிமாட்டு விலைக்குக் கேட்டு ஒரு புரோக்கரும் வந்தார்.

நான் சிப்காட்டில் ஷிப்டுக்குப் போகிறவன். மாட்டைப் பார்ப்பது காலைக் கறவையின்போதுதான். ஊசி போடுபவரைத்தான் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் அம்மா சாதாரணமாகச் சொன்னார்: "நீ பார்க்கிறதுக்கு முந்தின நாள் சாயங்காலமே அது கத்திருதேடா, நீதான் வர்றதில்லையே." பால் கணக்கு எழுதும் தினசரி காலண்டரை எடுத்துப் பார்த்தால், எந்தெந்த நாள் பால் குறைந்தது, தண்ணீர் குடிக்கவில்லை என்று அம்மா கிறுக்கி வைத்திருக்கிறார். எல்லாமே நான் ஊசி போட்ட தேதிக்கு முந்தைய தேதிகள்.

முதல் இரண்டு தடவை, முந்தின நாள் சாயங்காலம் ஆரம்பித்த பருவத்துக்கு நான் மறுநாள் காலையில் போன் செய்து, ஊசி போடுபவர் மூன்று ஊர் சுற்றிவிட்டு இருட்டும் நேரத்தில் வந்து போட்டிருக்கிறார். மூன்றாவது தடவை அக்னி நட்சத்திரம். வெயிலில் மாடு கத்தவே இல்லை. வால் நுனியில் ரத்தக் கீற்று தெரிந்ததும் பருவம் என்று நினைத்து ஓடிப்போய் ஆளைக் கூட்டிவந்தேன். நான்காவதும் அதே கதை. அப்புறம்தான் டாக்டர் சொன்னார், பருவம் முடிந்து ஒன்று முதல் மூன்று நாளுக்குள் சில மாடுகளுக்கு அப்படி ரத்தம் வரும், கிடாரிகளுக்கு இன்னும் அதிகம் என்று. அந்த ரத்தம் கதவு மூடியாயிற்று என்பதற்கு அடையாளம். அன்றைக்கு ஊசி போட்டால் பணம்தான் போகும். அந்தத் தேதியைக் குறித்து வைத்து, அதிலிருந்து 17, 18 நாள் கழித்துக் கண்காணிக்க வேண்டுமாம்.

பருவம் இருப்பது 12 முதல் 18 மணி நேரம். அது அடங்கி 10, 12 மணி நேரம் கழித்துத்தான் கருமுட்டை வெளியே வருகிறது. விந்தணு அதற்கு முன்பே உள்ளே போய்ச் சில மணி நேரம் தயாராகிக் காத்திருக்க வேண்டும். காலையில் கண்டால் அன்று மாலை, மாலையில் கண்டால் மறுநாள் காலை என்று பெரியவர்கள் சொல்வதன் கணக்கு இதுதான்.

ஜூலையில் வந்த இரண்டு பருவத்தையும் ஊசி போடாமல் விட்டோம். தாது உப்பு மட்டும் தினமும் கொடுத்தோம். ராத்திரி பத்து மணிக்கு அம்மா டார்ச் அடித்துப் பார்ப்பார். எல்லா மாடும் படுத்து அசைபோடும் நேரம் அது. பருவத்தில் இருக்கும் மாட்டுக்குப் பின்னால் தரையில் கண்ணாடிச் சளி வழிந்து கிடக்கும். இன்னொன்று: மேலே தாவுகிற மாட்டைவிட, தாவும்போது நகராமல் நிற்கிற மாட்டைப் பாருங்கள். பருவத்தில் இருப்பது அதுதான்.

ஆகஸ்ட் 11 சாயங்காலம் பருவம் வந்து, மற்ற மாடு தாவும்போது நகராமல் நின்றது. 12 காலை ஆறரைக்கு ஐந்தாவது ஊசி. முடிவு தெரிந்ததும் எழுதுகிறேன். உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்.

* * *

19 வருடமாக ஊசி போடுகிறேன்

தம்பி, எங்களைத் திட்டியதை ஒப்புக்கொண்டீர்களே, சந்தோஷம். ஆனால் எங்கள் பக்கமும் தப்பு உண்டு. உறைவிந்துக் குச்சி இருப்பது மைனஸ் 196 டிகிரி நைட்ரஜனில். வெளியே எடுத்தால் 37 டிகிரி வெந்நீரில் அரை நிமிடம் முக்கி உடனே போட வேண்டும். வெந்நீருக்குப் பதில் குச்சியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கதை பேசுகிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். குச்சி தேடும்போது, குச்சிகள் இருக்கும் குவளையான கேனிஸ்டரைக் கொள்கலனின் கழுத்துக்கு மேலே தூக்கிப் பிடித்தால் மிச்சமிருக்கும் குச்சிகளும் கெடும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஊரில் நாலைந்து மாடு வரிசையாகச் சினை நிற்காமல் போகும்போதுதான் தெரியும்.

நான் செய்த பெரிய தப்பு வேறு. ஒரு ஜெர்சிக் கலப்பு. நாலு மாதத்துக்கு முன் நான்தான் ஊசி போட்டேன். சினை பார்க்கச் சொல்லியிருந்தேன், அவர்கள் பார்க்கவில்லை. ஒரு முகூர்த்த நாள், எனக்கும் கல்யாணத்துக்குப் போகும் அவசரம். "மறுபடி கத்துதுங்க, போட்டுட்டுப் போயிருங்க" என்றார்கள். விந்து செலுத்தும் குழலான கன், கருப்பை வாயில் நுழைய அடம்பிடித்தது. அப்போதே நின்றிருக்க வேண்டும். அழுத்தித் தள்ளினேன். ஒன்பதாம் நாள் சின்னப் பூனை அளவில் ஒரு பிண்டத்தைப் போட்டது மாடு. அந்த வீட்டுப் பாட்டி அதை வாழை இலையில் வைத்துக் காட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

சினை மாடுகளிலும் சில, இடையில் பருவம் போலக் கத்தும். சினையானால் கருப்பை வாயை மெழுகு போன்ற கெட்டிச் சளி அடைத்திருக்கும். அதைக் கிழித்துக்கொண்டு போனால் கரு போச்சு. அதிலிருந்து, முந்தைய ஊசித் தேதி கேட்காமல், கை போட்டுப் பார்க்காமல் நான் கன்னை எடுப்பதில்லை. சந்தேகம் இருந்தால் கருப்பை வாயின் நடுவிலேயே விந்தை விட்டுவிட்டு வந்துவிடுவேன்.

* * *

ஒரத்தநாடு

தஞ்சாவூர்ப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி சொல்லும் மூலிகை முறையை எங்கள் பக்கம் நிறையப் பேர் செய்கிறார்கள். பருவம் தெரிந்ததிலிருந்து தினம் ஒரு வெள்ளை முள்ளங்கி என ஐந்து நாள், பிறகு சோற்றுக்கற்றாழை நாலு நாள், முருங்கைக்கீரை நாலு நாள், பிரண்டை நாலு நாள், கடைசியாகக் கறிவேப்பிலையும் மஞ்சளும் நாலு நாள். கல்லுப்பும் வெல்லமும் சேர்த்து ஊட்டுவோம். கூட்டிப் பார்த்தால் அடுத்த பருவம் வந்து நிற்கும். என் ஒரு மாட்டுக்குச் சினை நின்றது. இன்னொன்றுக்கு நிற்கவில்லை. அதன் சளியில் வெள்ளை வெள்ளையாகச் சீழ் கலந்திருந்தது, நான் கவனிக்கவில்லை. கருப்பையில் புண் இருந்தால் முதலில் டாக்டர் மருந்து. கண்ணாடி போலத் தெளிவாக இருக்கிறதா என்று உள்ளங்கையில் வாங்கிப் பாருங்கள்.

* * *

ராசிபுரம், நாலு மாடும் ஒரு தோற்ற கிடாரியும்

பெருந்துறை அண்ணா, உங்களுக்காவது நாலு மாதம்தான் போச்சு. எனக்கு இரண்டரை வருடம் போச்சு.

எங்கள் மாடு ஜோடிக் கன்று போட்டது, ஒரு காளை, ஒரு கிடாரி. தெருவே வந்து பார்த்தது. மாமியார் இரண்டுக்கும் பொட்டு வைத்துத் திருஷ்டி சுற்றினார். காளைக் கன்றை ஆறு மாதத்தில் விற்றோம். கிடாரியை மட்டும் சீம்பாலிலிருந்து பார்த்துப் பார்த்து வளர்த்தேன். கண்ணுக்கு அப்படி ஒரு லட்சணம். தாய் நல்ல கறவை, மகளும் அப்படி வருவாள் என்று மனக்கணக்கு.

ஒன்றரை வயதில் பருவத்துக்கு வரவில்லை. தீவனம் போதவில்லை என்று புண்ணாக்கைக் கூட்டினேன். இரண்டு வயது. தாது உப்பு, பூச்சி மருந்து, முளைகட்டிய கம்பு. ஒன்றும் நடக்கவில்லை. போகப் போகக் கழுத்து தடித்தது. மடி மட்டும் சின்னப் பிள்ளையின் மடி போலவே இருந்தது. பிறப்புறுப்பின் அடியில் நீளமாக ஒரு கொத்து மயிர்.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஓட்டிப்போனோம். அந்த டாக்டரம்மா முதலில் கேட்டது, "இது கூடப் பிறந்தது காளையா?" நான் வாயே திறக்கவில்லை, அவருக்கே புரிந்துவிட்டது. ஒரு கண்ணாடிக் குழாயைச் சுத்தம் செய்து, வழவழப்பு தடவி மெதுவாக உள்ளே விட்டுக் காட்டினார். நல்ல கிடாரிக்குப் போகும் ஆழத்தில் பாதிகூடப் போகவில்லை. கை போட்டுப் பார்த்தால் கருப்பை இருக்க வேண்டிய இடத்தில் நூல் போல ஏதோ.

மாட்டின் வயிற்றில் இரண்டு கன்று வளரும்போது நஞ்சுக்கொடியின் ரத்தக் குழாய்கள் ஒன்றோடொன்று இணைந்துவிடுகின்றன. காளைக் கன்றின் விரை முதலில் உருவாகிச் சுரக்கிற ஹார்மோன், அந்த ரத்தம் வழியாகக் கிடாரிக்கும் போகிறது. அதன் சூலகமும் கருப்பையும் வளராமலே நின்றுவிடுகின்றன. 1916-இலேயே ஃபிராங்க் லில்லி என்ற அமெரிக்க விஞ்ஞானி இதை விளக்கிவிட்டாராம். காளையோடு பிறந்த கிடாரிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இப்படித்தான். "ஆடு தவறாமல் ஜோடி போடுதே, அதுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டேன். ஆட்டில் அந்தக் குழாய்கள் இணைவது அபூர்வம் என்றார்.

எனக்கு ஆத்திரம் கன்று மேல் இல்லை. பிறந்த ஒரு மாதத்திலேயே ஒரு குழாய் விட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். காது குத்த, ஊசி போட என்று எத்தனை பேர் அந்தக் கன்றைத் தொட்டார்கள், ஒருவரும் சொல்லவில்லை. சரி, நானும் கேட்கவில்லை. அவள் இன்னும் எங்கள் தொழுவத்தில்தான் நிற்கிறாள். விற்கச் சொல்லி வீட்டில் தினமும் சண்டை.

* * *

நத்தம் பக்கம், சிறுவிடை வளர்ப்பு

மாடு பற்றிய பேச்சில் கோழியை விடுகிறேன், கோபிக்க வேண்டாம். சந்தையில் நல்ல சிறுவிடைப் பெட்டை ஒன்று வாங்கி, மறுநாளே என் செவலைச் சேவலோடு விட்டேன். அடைவைத்த 11 முட்டையில் முதலில் இட்டவற்றிலிருந்து கழுத்தில் மயிரில்லாத குஞ்சு இரண்டு. என் சேவலுக்கும் பெட்டைக்கும் கழுத்து நிறைய மயிர்! சேவலை மாற்றிவிட்டார்கள் என்று வீட்டில் எல்லாரையும் சந்தேகப்பட்டேன்.

விஷயம் என்னவென்றால், பெட்டைக் கோழியின் கருக்குழாயில் விந்தணுவைச் சேர்த்து வைக்கும் நுண்குழல்கள் இருக்கின்றன. ஒருமுறை சேர்ந்தால் இரண்டு வாரம், சிலதில் அதற்கு மேலும் கரு முட்டை வரும். அந்தக் கழுத்து மொட்டை, விற்றவர் வீட்டுச் சேவலின் சொத்து. இப்போது வெளியே வாங்கும் பெட்டையை மூன்று வாரம் தனியே அடைத்து, அந்த முட்டைகளை ஆம்லெட் போட்டுவிட்டுத்தான் சேவலோடு விடுகிறேன்.

* * *

மறுபடி பெருந்துறை

இன்று டாக்டர் வந்து கை போட்டுப் பார்த்தார். 75 நாள் ஆகிறது. தோள்வரை உறை போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, யாரோ போனில் பேசுவதைக் கேட்கிற மாதிரி ஒரு நிமிடம் நின்றார். "இருக்குங்க, வலப்பக்கக் கொம்புல" என்றார். பங்காளி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

ராசிபுரம் தங்கச்சி, அந்தக் கிடாரியை என்ன செய்வது என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை. ஆனால் உங்கள் எழுத்தைப் படித்துவிட்டு, பக்கத்துத் தோட்டத்தில் போன மாதம் பிறந்த ஜோடிக் கன்றைப் பார்க்கச் சொல்லி அதே டாக்டரைக் கூட்டிப்போனேன். அங்கே இரண்டும் கிடாரி, பயமில்லை என்றார்.

280 நாள் கணக்குப் போட்டால் அடுத்த மே 19. இந்த வருடக் காலண்டரில் அந்தத் தாள் இல்லை. அதனால் அம்மா கரித்துண்டு எடுத்து, தொழுவத்துச் சுவரில் 'வைகாசி 5' என்று எழுதி வைத்திருக்கிறார்.