பார்த்தீனியத்தைப் புல் விதைத்து அடக்கியவர்கள் உண்டா?

வலிகாமம் வடக்கிலிருந்து:
இராணுவத்திடமிருந்து காணி விடுபட்டு மீளக் குடியேறியபோது எங்கள் செம்மண் தறையில் பார்த்தீனியம் இடுப்பளவுக்கு நின்றது. 1987இல் வந்த இந்திய அமைதிப்படையின் ஆடுகளோடு வந்த களை என்று ஊரில் சொல்வார்கள். எப்படி வந்ததோ, போகிற உத்தேசம் அதற்கு இல்லை. சிரமதானம் வைத்துப் பிடுங்கினோம், எரித்தோம். அடுத்த மழைக்கு முன்னையதைவிட நெருக்கமாக முளைத்தது. ஒரு செடி 15,000 விதைக்கு மேல் போடக்கூடியது. அவை மண்ணுக்குள் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். பிடுங்கிய இடத்தை வெறும் தரையாக விட்டால், அந்த விதைகளுக்கு நாமே இடம் ஒதுக்கிக் கொடுத்த மாதிரித்தான்.

ஐப்பசி மழையோடு நிலத்தைக் கொத்தி, கோ-3 என்ற மாட்டுத்தீவனப் புல்லின் கணுத்துண்டுகளை வரிசையாக நட்டு, இடையில் காக்கணவன் விதை தூவினேன். வேலியில் நீலமாகப் பூக்கிற அதே கொடிதான். விதைத்தோல் கடினம், வெந்நீரில் ஊறவைத்தால் நன்றாக முளைக்கும். பூசைக்குப் பூப்பறிக்கிற கொடியை மாட்டுக்கு விதைக்கிறானே என்று அயலில் சிரித்தார்கள். அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் செய்த ஆய்வுகளில் பார்த்தீனியத்தை நன்றாக அமுக்கிய தீவனப் பயிர்களில் இந்தக் கொடியும் கொழுக்கட்டைப் புல்லும் உண்டு.

தை மாதம் கொடியை விலக்கிப் பார்த்தேன். பார்த்தீனியம் முளைக்காமல் இல்லை. ஆனால் தண்டு ஈர்க்கு மொத்தம், இலை வெளிறிப் போயிருந்தது, பூ மருந்துக்கும் இல்லை. கொடி எட்டாத வரம்போரத்தில் மட்டும் வழக்கம்போல வெள்ளைப் பூ.

அச்சுவேலியிலிருந்து:
அண்ணை, மாட்டை மட்டும் அதற்குள் அவிழ்த்து விடாதீர்கள். எங்கள் பக்கத்துத் தரவையில் மாடுகள் புல்லை ஒட்டக் கடித்தன, பார்த்தீனியத்தைத் தொடவில்லை. புல் கட்டையான இடமெல்லாம் இப்போது அதுதான் நிற்கிறது. குயின்ஸ்லாந்திலும் அளவுக்கு மீறி மேய்ந்த நிலத்தில்தான் அது பரவியது. வேறு தீனி இல்லாமல் மாடு அதைத் தின்றால் பாலும் கசக்கும்.

சாவகச்சேரியிலிருந்து:
தண்ணீர் இறைக்க வசதியுள்ளவருக்குக் கோ-3 சரி. ஒழுங்கைக் கரைக்கு யார் இறைப்பது? அங்கே தானாக முளைக்கிற தகரைச் செடியை நிற்க விடுங்கள். இந்தியாவில் பார்த்தீனியத்துக்கு எதிராகத் தகரை இனங்களை விதைத்தே பார்த்திருக்கிறார்கள். கொழுந்து வறைக்கும் ஆகும். சிரமதானத்துக்கு வருகிறவர்கள் அதையும் சேர்த்துப் பிடுங்கிக் குவிப்பதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வலிகாமம் வடக்கிலிருந்து:
மேய விடவில்லை தம்பி, வெட்டித்தான் போடுகிறேன். அதுவும் தரையோடு அல்ல, ஒரு சாண் விட்டு. கொடி திரும்பத் தழைக்கும்வரை நிலத்தில் நிழல் இருக்க வேண்டும். ஆவணியில் கிணறு இறங்கியபின் கோ-3 எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்று இனித்தான் தெரியும். காக்கணவன் நெற்று முற்றிவிட்டது, விதை வேண்டியவர்கள் சொல்லுங்கள். கொழுக்கட்டைப் புல் விதை யாரிடமாவது இருந்தால் மாற்றிக்கொள்ளலாம்.