திரையில் ஆஃப், ஆனால் வெளி விளக்குகள் அணையவில்லை: டைமர் மாற்ற உதவி தேவை

வாசல்விளக்கு:
வணக்கம். வாசலிலும் பக்கச் சுவரிலும் மொத்தம் 8 எல்.இ.டி. விளக்குகள், ஒவ்வொன்றும் 12 வாட். வீட்டுக்குள் சுவர்ப் பெட்டியில் டிஜிட்டல் டைமர் மாட்டி இரண்டு வருடம் ஆகிறது. மூன்று நாளாக விளக்குகள் பகலிலும் எரிகின்றன. திரையில் நேரம் சரி, ஆஃப் என்றுதான் காட்டுகிறது. வழக்கமாகக் கேட்கும் 'டக்' சத்தம் மட்டும் இல்லை. நேற்று ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் லேசாகத் தட்டினேன், சட்டென்று அணைந்தன. மாலையில் எரிந்தவை மறுபடி அணையவில்லை. இதே டைமரைப் புதிதாக வாங்கி மாட்டினால் போதுமா? 16 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது, என் லோடோ வெறும் 96 வாட்.

பேஸ்நியூட்ரல்:
தட்டினால் அணைகிறது என்றால் உள்ளே ரிலேயின் (மின்சாரத்தால் இயங்கும் குட்டி சுவிட்ச்) காண்டாக்ட், அதாவது தொட்டுப் பிரியும் உலோக முனைகள், ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதையே வாங்கினால் மறுபடி இதே கதைதான். எல்.இ.டி.க்குக் கரண்டைச் சீராக்கித் தரும் டிரைவருக்குள், மின்சாரத்தைச் சேமிக்கும் கெபாசிட்டர் இருக்கும். ஆன் ஆகும் கணத்தில் அது காலியாக இருப்பதால், கண்ணிமைக்கும் நேரத்துக்கு வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்டை இழுக்கும். எட்டும் ஒரே நேரத்தில் இழுக்கும்போது காண்டாக்டில் பொறி தட்டி உருகி ஒட்டும். அந்த 16 ஆம்பியர் ஹீட்டர் மாதிரியான லோடுக்குச் சொன்னது. லேபிளில் எல்.இ.டி.க்குத் தனியாக எத்தனை வாட் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். ஜீரோ கிராஸிங் வகை டைமர் கிடைத்தால் நல்லது, வோல்டேஜ் பூஜ்ஜியத்தைத் தொடும் கணத்தில் ஆன் செய்வதால் அந்த இழுப்பு குறையும். இல்லையென்றால் டைமரை ஒரு காண்டாக்டரை (பெரிய லோடைத் தாங்கும் சுவிட்ச்) இயக்கும் காயிலுக்கு மட்டும் கொடுத்து, விளக்குகளைக் காண்டாக்டர் வழியாக ஓட்டுங்கள். அதுவரை தட்டித் தட்டி ஓட்டாதீர்கள், சூடாகும்.

பழையமிஸ்திரி:
வாங்கும் முன் பெட்டியில் நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) இருக்கிறதா பாருங்கள் தம்பி. இரண்டே வயர் என்றால், நியூட்ரல் கேட்காத டைமர் விளக்கு வழியாகவே கொஞ்சம் கரண்ட் எடுத்துத் தன் கடிகாரத்தை ஓட்டும். எல்.இ.டி. அணைந்த பிறகும் மங்கலாக எரியும், மினுக்கும். அதற்காகப் பக்கத்து சர்க்யூட்டிலிருந்து நியூட்ரலை இழுத்துவிடாதீர்கள், ஆர்.சி.சி.பி. (கசிவைக் கண்டால் கரண்டைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) விழும். சுற்றிலும் குட்டி ஊசிகள் (பின்) வைத்த மெக்கானிக்கல் டயல் டைமரும் போடலாம், 15 நிமிடத்துக்கு ஒரு ஊசி, ஒரு நாளுக்கு மொத்தம் 96. ஆனால் கரண்ட் போன நேரமெல்லாம் கடிகாரம் பின்தங்கும்.

வாசல்விளக்கு:
அந்த சர்க்யூட்டின் எம்.சி.பி. சுவிட்சை இறக்கிவிட்டுத் திறந்தேன். நியூட்ரல் இருக்கிறது! லோடு வயரின் முனையில் அரை அங்குலத்துக்கு இன்சுலேஷன் பழுப்பேறி முறுமுறுவென்று உடைகிறது.

பழையமிஸ்திரி:
அந்த முனையை வெட்டி, பளபளப்பான செம்பு தெரியும்வரை சீவுங்கள். உள்ளே வரைக்கும் பழுப்பு என்றால் அந்த வயரையே மாற்ற வேண்டும், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஒரே பெட்டிக்குள் இரண்டு சர்க்யூட் வரலாம். அதனால் தொடும் முன் ஒவ்வொரு வயரையும் மீட்டரில் பாருங்கள், டெஸ்டர் பல்பை மட்டும் நம்பாதீர்கள். நிறத்தையும் நம்ப வேண்டாம். கழற்றும்போதே பேஸ், நியூட்ரல், லோடு என்று டேப்பில் எழுதி ஒட்டுங்கள்.

வாசல்விளக்கு:
ஜீரோ கிராஸிங் டைமரே கிடைத்தது, எல்.இ.டி. 200 வாட் என்று லேபிளில் தனியாக இருக்கிறது. வயரை வெட்டியதும் உள்ளே நல்ல செம்பு, நிம்மதி. முதல் நாள் மாலை எரியவில்லை, பயந்துவிட்டேன். பார்த்தால் மேனுவல் ஆஃபில் விட்டிருக்கிறேன். ஆட்டோவுக்கு மாற்றினேன்; நான்கு நாளாக நேரத்துக்கு எரிந்து அணைகிறது, 'டக்' சத்தமும் தெளிவாகக் கேட்கிறது. இருவருக்கும் மிக்க நன்றி.