நட்சத்திரக் கள்ளி மண்ணுக்குள் இறங்கிவிட்டது, அடியில் பழுப்பு. அழுகலா?

பாலக்கோடு மாடி:
போன ஆவணியில் ஓசூர் பக்கம் ஒரு நர்சரியில் வாங்கினேன், சீட்டில் 'ஆஸ்ட்ரோஃபைட்டம் ஆஸ்டீரியாஸ்' என்று இருந்தது. முள்ளே கிடையாது. 8 பட்டை, ஒவ்வொரு பட்டையின் நடுவிலும் வரிசையாகப் பஞ்சுப் புள்ளி, உடம்பெல்லாம் சுண்ணாம்பு தெளித்த மாதிரி வெள்ளைப் பொட்டு. தை, மாசி முழுக்கத் தண்ணீர் விடவில்லை. உருண்டையாக இருந்தது, அமுக்கி வைத்த பணியாரம் மாதிரி தட்டையாகி மண்ணோடு மட்டமாகிவிட்டது. பயந்துபோய் நாலு நாளாகத் தினமும் ஊற்றுகிறேன். நேற்றுப் பார்த்தால் அடியில் ஒரு விரல் அகலத்துக்குப் பழுப்பு.

மாந்தோப்பு கிருஷ்ணகிரி:
கள்ளி என்றால் முள் இருக்கணும், கிள்ளினால் பால் வரணும். நல்லா ஏமாற்றிவிட்டார்கள் தம்பி.

ஓசூர் தொட்டிக்கள்ளி:
பால் வருவது நம் வேலியில் நிற்கும் சதுரக்கள்ளி, திருகுகள்ளி அண்ணா, அவை வேறு குடும்பம். சப்பாத்திக்கள்ளியைக் கிள்ளிப் பாருங்கள், பால் வராது. இதற்குப் பங்காளி அதுதான். முள் முளைக்க வேண்டிய இடத்தில்தான் அந்தப் பஞ்சு.

பாலக்கோட்டுக்காரரே, முதலில் தண்ணீரை நிறுத்துங்கள். இதன் சொந்த ஊர் டெக்சாஸின் தென்கோடியும் மெக்சிகோவின் வடகிழக்கும். மழையில்லாத காலத்தில் சுருங்கி மண் மட்டத்துக்கு இறங்கிவிடும், மேலே தூசி படிந்தால் காலடியில் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. அதாவது செடி நன்றாகத்தான் இருந்திருக்கிறது. பழுப்பை நகத்தால் அழுத்துங்கள். மரப்பட்டை மாதிரி கெட்டியாக இருந்தால் வயதாக ஆக வரும் தக்கை, விட்டுவிடலாம். கொழகொழவென்று உள்ளே போனால் அழுகல்.

பாலக்கோடு மாடி:
சுற்றிலும் கெட்டிதான். மண்ணைத் தொடும் ஒரே ஒரு இடம் மட்டும் லேசாக அமுங்குகிறது.

ஓசூர் தொட்டிக்கள்ளி:
அப்போ இன்றைக்கே பிடுங்குங்கள். நர்சரிச் செடியில் வேரைச் சுற்றி நார்த்தூள் இருக்கும், வெளியே மண் காய்ந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும், அதை முழுக்க உதிர்க்கணும். அமுங்கும் இடத்தை பிளேடால் சீவி, ஒவ்வொரு சீவலுக்கும் ஸ்பிரிட்டில் துடைத்து, பழுப்பு இல்லாத சதை வரும்வரை எடுங்கள். 10 நாள் நிழலில் காயட்டும். அப்புறம் செம்மண் ஒரு பங்கு, சலித்த சிப்ஸ் ஜல்லி இரண்டு பங்கு. கிரஷர் டஸ்ட் மட்டும் வேண்டாம், இறுகிவிடும். நட்டதும் ஊற்றாதீர்கள், ஒரு வாரம் போகட்டும்.

மாந்தோப்பு கிருஷ்ணகிரி:
சரி, தெரியாமல் சொல்லிவிட்டேன். பூக்குமா இது?

ஓசூர் தொட்டிக்கள்ளி:
உச்சியில் பூக்கும், மஞ்சள், நடுவில் செம்மை. செடி கையளவுகூட இருக்காது, பூ அதையே மறைத்துவிடும். ஆனால் விதை வேண்டுமென்றால் இன்னொரு செடியும் பூத்திருக்கணும், தன் மகரந்தம் தனக்கு ஆகாது. காட்டுச் செடியைத் தோண்டி விற்றே குறைத்துவிட்டார்கள். அமெரிக்காவில் 1993லேயே அருகிவரும் இனமாக அறிவித்தாகிவிட்டது. விதையில் வளர்த்ததா என்று கேட்டு வாங்குங்கள்.

பாலக்கோடு மாடி:
பிடுங்கிவிட்டேன். கொட்டைப்பாக்கு அளவு நார்த்தூள் உருண்டை, பிழிந்தால் சொட்டுகிறது. பக்க வேர் இரண்டு கறுத்துவிட்டது, மூல வேர் பிழைத்தது. சதையில் மிளகளவு சீவினேன், அதோடு சுத்தமாகிவிட்டது. இப்போது முறத்தில் கிடக்கிறது. எலுமிச்சங்காயை ஏன் நிழலில் காயப்போட்டிருக்கிறாய் என்று அம்மா இரண்டு தடவை வெயிலுக்கு எடுத்துப் போய்விட்டார்.