மறுமொழி: ‘பிணைப்பு’ வேண்டாம், ‘இயைவு’ என்று வைப்போம்

அன்புடையீர், வணக்கம்.

ஒளியும் பொருளும் ஒன்றோடொன்று கொள்ளும் தொடர்பைக் குறிக்கும் ‘கப்ளிங்’ (coupling) என்பதற்குப் ‘பிணைப்பு’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்று ஐயா ஒருவர் முன்மொழிந்திருக்கிறார். வேறு துறைகளில் நான் மறுக்கமாட்டேன். அணுத் தடிமனே உள்ள குறைக்கடத்திகளைப் பற்றி எழுதும்போது அச்சொல் ஒரு பத்திகூடத் தாங்காது. மாலிப்டினம் டைசல்ஃபைடின் ஒற்றைப் படலத்தைப் பாருங்கள்: இரண்டு கந்தக அடுக்குகளுக்கு நடுவே ஒரு மாலிப்டினம் அடுக்கு, மொத்தத் தடிமன் ஏறத்தாழ 0.65 நானோமீட்டர். ஒளி பட்டதும் அதில் தோன்றும் எதிர்மின்னியும் அது விட்டுச்சென்ற வெற்றிடமான துளையும் ஒன்றையொன்று ஈர்த்து எக்சிட்டான் ஆகின்றன. அந்த ஈர்ப்பைத் தணிக்கச் சுற்றிலும் பொருள் அதிகம் இல்லாததால், வழக்கமான குறைக்கடத்தியான காலியம் ஆர்சனைடில் சில மில்லி எலெக்ட்ரான் வோல்ட்டாக இருக்கும் பிணைப்பு ஆற்றல் (அவ்விரண்டையும் பிரிக்கத் தேவையான ஆற்றல்) இங்கே சில நூறாக உயர்கிறது. அறை வெப்பநிலையின் வெப்ப ஆற்றலான 25 மில்லி எலெக்ட்ரான் வோல்ட்டால் அதைக் குலைக்க முடியாது. 2015இல் இரண்டு ஆடிகளுக்கு நடுவே இந்தப் படலத்தை வைத்து, எக்சிட்டானும் ஒளியும் கலந்த போலாரிட்டான்களை அறை வெப்பநிலையிலேயே காண முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். இதைச் சுருக்கி எழுதினால், ‘பிணைப்பு வலுவாக இருப்பதால் பிணைப்பும் வலுவாகிறது’ என்றல்லவா வரும்? முதலாவது எதிர்மின்னிக்கும் துளைக்கும் இடையிலானது, இரண்டாவது எக்சிட்டானுக்கும் ஒளிக்கும் இடையிலானது என்பதை வாசகர் எப்படி அறிவார்?

ஆகவே ஒளிக்கும் பருப்பொருளுக்கும் ‘இயைவு’ என்று வைப்போம். எக்சிட்டானும் ஒளியும் ஆற்றலை மாற்றிக்கொள்ளும் வேகம் அவ்விரண்டும் ஆற்றலை இழக்கும் வேகத்தை விஞ்சினால் வல்லியைவு, விஞ்சாவிட்டால் மெல்லியைவு. மொரீசியசில் வீட்டில் கிரியோலும் பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும் பேசிவிட்டு, மாலையில் தமிழ் படிக்க வரும் பிள்ளைகளுக்கும் வல்லினம், மெல்லினம் தெரியும். விளக்கத்தில் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

ஆற்றல் ஒரு படலத்திலிருந்து இன்னொன்றுக்குச் செல்வதற்குப் பெயர் வைப்பதுதான் சிக்கலானது. ‘கடத்தல்’ என்றால் குறைக்கடத்தியோடு மோதும். ‘பெயர்ச்சி’ என்றால் கோவிலுக்குப் போகும் எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சனிப்பெயர்ச்சிதான் நினைவுக்கு வரும். ஆற்றல் செல்லும் வழிகளில் ஒன்றான டெக்ஸ்டர் முறைக்குப் ‘பரிமாற்றம்’ என்பதை ஒதுக்கிவைக்க வேண்டும், ஏனெனில் அங்கே எதிர்மின்னிகளே இடம் மாறிக்கொள்கின்றன. அதற்கு இரண்டும் ஏறக்குறைய ஒட்டியிருக்க வேண்டும். மற்றொரு வழியான ஃபார்ஸ்டர் முறையில் எதிர்மின்னி நகர்வதில்லை, ஆற்றலைத் தரும் வழங்கி ஒளியை உமிழ்ந்து, அதைப் பெறும் ஏற்பி உறிஞ்சுவதும் இல்லை. அவற்றின் மின் இருமுனைகளின் (நேர், எதிர் மின்னூட்டங்கள் விலகி நிற்கும் இணைகளின்) இயைவாலேயே ஆற்றல் ஒருபக்கமாகப் போய்ச் சேருகிறது. இரண்டு மூலக்கூறுகளுக்கு இடையே அதன் வேகம் தொலைவின் ஆறாம் அடுக்குக்கேற்பக் குறையும். ஏற்பி ஒரு மெல்லிய தளமாக இருந்தால் நான்காம் அடுக்குக்கேற்பத்தான். இதற்கு ‘ஆற்றல் கையளிப்பு’ என்பது என் பரிந்துரை. ‘கைமாற்று’ என்று முன்பு ஒருவர் எழுதியிருந்தார். கைமாற்றாக வாங்கியதைத் திருப்பித் தரவேண்டும், ஃபார்ஸ்டர் ஆற்றலோ பெரும்பாலும் திரும்புவதில்லை.

எக்சிட்டான், போலாரிட்டான் இரண்டையும் அப்படியே விட்டுவிடலாம். ‘வல்லியைவு’ என்பதன் புணர்ச்சியில் இலக்கணம் அறிந்தவர்களுக்குத் தடை ஏதும் இருந்தால் தெரிவிக்கவும்.