டிரையாண்ட்ராவில் நம்பட் பார்த்த அனுபவங்கள்

பெர்த்வாசி:
மேற்கு ஆஸ்திரேலியாவின் சின்ன விலங்கான நம்பட்டைப் பார்க்கப் போகிறவர்கள் விடியலில் எழுந்து ஓட வேண்டியதில்லை. கங்காரு போன்ற பைப்பாலூட்டிகளில் இதுவும் ஒன்று. அவற்றில் பெரும்பாலானவை இரவில் உலவுபவை, இது பகல்காரர். சாப்பாடு கறையான் ஒன்றுதான். குளிர்காலத்தில் வெயில் ஏறி, கறையான் மேல்மண்ணுக்கு வந்த பிறகே இதுவும் வெளியே தலைகாட்டும். அங்கே குளிர்காலமான ஜூலையில், பதினொரு மணி வாக்கில்தான் எங்களுக்குத் தரிசனம் கிடைத்தது.

பெர்த்திலிருந்து தென்கிழக்கே சுமார் 170 கிலோமீட்டரில் இருக்கிறது டிரையாண்ட்ரா காடு. வாண்டூ என்ற யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே மண்பாதையில் காரை உருட்டிக்கொண்டிருந்தோம். விழுந்து கிடந்த பொந்துமரத்தின் மேல், பின்னங்கால்களை ஊன்றி நிமிர்ந்து நின்றிருந்தது. செம்பழுப்பு உடல், கண் வழியாக ஓடும் கருங்கோடு, குத்திட்டு நிற்கும் வால்மயிர். நம் அணிலுக்குக் கோடு நெடுக்காக. இதற்கு முதுகின் பின்பாதியில் குறுக்காக வெள்ளைப் பட்டைகள்.

எஞ்சினை அணைத்ததும் இறங்கிவிட்டது. மண்ணை மோந்தது, முன்னங்காலால் சின்னதாக ஒரு குழி பறித்தது, மெல்லிய நாக்கை விட்டு எடுத்தது, நகர்ந்துபோய் அடுத்த குழி. அரைக்கிலோ தேறுகிற பிராணி, நாளொன்றுக்கு 20,000 கறையான் வரை தின்னும். கெட்டியான புற்றை உடைக்க நகத்தில் வலுவில்லை; ஆழமில்லாத கறையான் பாதைகளைத் தேடித்தான் அந்த ஓயாத அலைச்சல்.

கேமராக்காரன்:
நான் படமெடுத்ததற்கு மார்பில் துருநிறக் கறை. காயமோ என்று என்னுடன் வந்தவர்கள் பதறினார்கள். ஆண் நம்பட்டின் மார்புச் சுரப்பியிலிருந்து கசிவது அது. எல்லையைக் குறிக்கக் கட்டைகளில் தேய்த்துவிட்டுப் போகும். பெண்ணுக்கோ பையே கிடையாது! கங்காருவை வைத்து எல்லாவற்றையும் எடைபோடுகிறவர்கள் கவனிக்க: நான்கு குட்டிகள் வரை காம்பைக் கவ்வியபடி தாயின் வயிற்று மயிருக்குள் தொங்கும்.

நடைப்பிரியை:
வெளியிலிருந்து வந்த நரியும் பூனையும்தான் நம்பட்டுகளின் எண்ணிக்கையைக் கரைத்தன. டிரையாண்ட்ராவில் நரிக்கு வைக்கும் 1080 விஷத்தின் மூலப்பொருள் அங்குள்ள செடிகளிலேயே இருப்பதால், அந்த மண்ணின் விலங்குகள் அதை ஓரளவு தாங்கும். கெட்டிக்கார ஏற்பாடு என்பேன்.

காரில் போனால் ஓட்டுகிறவர் பாதையைப் பார்க்கட்டும். மற்றவர்கள் தரையில் கிடக்கும் கட்டைகளை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. கோடையில் போகிறீர்கள் என்றால் காலையும் பின்மாலையும்தான் நேரம். உச்சிவெயிலில் அது பொந்துக்குள் படுத்துவிடும்.